டெல்லி டைரக்ட் விமானமும் சரோஜாவின் நிபந்தனையும்

அண்ணாமலையார் கோபுரம் சாட்சியாக உறுதி சொல்கிறேன்: இந்தக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை.

2004-இல் டெல்லியிலிருந்த எங்கள் மகள் தேவிக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ரயிலில் போனால் பேரன் தவழ்ந்து வந்து கதவு திறப்பான். விமானம்தான் வழி. என் மனைவி சரோஜா மாடிப்படி இறங்கவே பயப்படுகிறவள். "ஒரு தபா ஏறணும், ஒரு தபா எறங்கணும். நடுவுல எங்கயாச்சும் தரையத் தொட்டுச்சுன்னா நான் எறங்கி ரயிலப் புடிச்சுடுவேன்" என்றாள்.

எனக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. 'டைரக்ட் சென்னை' என்று கூவி ஏற்றிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் ஆடு குறுக்கே வந்தால்கூட அதையும் ஏற்றிக்கொள்ளும் பஸ்களில் வளர்ந்தவன். டிக்கெட் ஏஜென்டை விடுவேனா?

"நிக்காம போவுமா?"

"டைரக்ட் சார்."

"நடுவுல?"

"நீங்க எறங்கவே வேணாம் சார்."

சொல்லும்போது எச்சில் விழுங்கினான். கவனித்தேன். இருந்தும் வாங்கினேன்.

காலை ஆறரை பஸ், ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்தில் மீனம்பாக்கம். மூன்று மணிக்கு விமானம் கிளம்பியது. சூரியனை உரசியதில் என் வழுக்கை கொப்பளித்தது. ஒரு மணி நேரத்தில் சர்ரென்று இறங்கிவிட்டது.

"ஏங்க, டெல்லியா?"

ஐதராபாத். டெல்லி போகிறவர்கள் அப்படியே உட்காரலாம் என்றாள் பணிப்பெண்.

சரோஜா எழுந்துவிட்டாள். "பையை எடுங்க. ரயிலு எத்தினி மணிக்கு?"

"தேவி தனியா இருக்காடீ."

"ஏமாத்தறதுக்கு முன்னாடி அத யோசிக்கலியா?"

அப்போது ஜன்னலோர ஆள் இறங்கிப் போனார். காலி இடம். சரோஜாவின் கை தானாகவே கர்ச்சீப்பை எடுத்து அங்கே வீசியது. புதிதாக ஏறிய தெலுங்குக்காரர் ஒருவர் அது தன் இடமென்று டிக்கெட்டை நீட்டினார். சரோஜா கர்ச்சீப்பைக் காட்டினாள். அந்தச் சட்டம் அவர் ஊரிலும் உண்டு போலும்; அவளுடைய நடு இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"எறங்கலியா?" என்றேன்.

"எடம் புடிச்சுட்டு எப்பிடிங்க எறங்கறது?"

தேவிக்கு வலி கண்டபோது அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

பயணிகளே, டைரக்ட் என்றால் விமானம் மாற வேண்டாம், அவ்வளவுதான், வழியில் நிற்கலாம். நிற்காமல் போவதற்குப் பெயர் நான்-ஸ்டாப். டிக்கெட் எடுக்கும்போது 'எத்தனை இடத்தில் தரையிறங்கும்?' என்றே கேளுங்கள். பதில் சொல்கிறவரின் தொண்டையையும் பாருங்கள்.

மற்றதையெல்லாம் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். அந்தக் கர்ச்சீப் மட்டும் நிஜம். நீல நிறம், ஓரத்தில் மஞ்சள் கறை.