ஓட்டலுக்கு வந்த மூன்று ராஜாக்கள்

சேலத்தில் நான் மேனேஜராக இருந்த ஓட்டலில் கீழே சாப்பாடு, மேலே லாட்ஜ். முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பரில் மெட்ராஸ் போய்த் திரும்பியவர், கையிலிருந்த பையைக்கூட வைக்காமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“ஏனுங்க மேனேஜரே, அங்க பெரிய ஓட்டல்ல கிறிஸ்துமஸுக்கு மாட்டுக்கொட்டாய் போட்டு, கொழந்தை, ராசாக்கள் எல்லாம் ஆளுசரத்துக்கு வெச்சிருக்கறாங்க. அத்தனை கூட்டம்! நம்ம ஓட்டல்லயும் வெக்கோணும். நீங்க வேதக்காரரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?”

தெரியும்தான். ஆனால் எங்கள் வீட்டுக் குடிலில் இருந்த சொரூபங்கள் விரல் நீளம். ஆள் உயரத்துக்கு எங்கே போவது? வீட்டில் புலம்பினேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, “ஜவுளிக்கடையில சேலை கட்டி நிறுத்தியிருக்காங்களே பொம்மைங்க, அதை இரவல் கேளுங்க” என்றாள்.

ஐந்து பொம்மைகள் கிடைத்தன. ஐந்தும் பெண்கள். சிவந்த உதடு, நீண்ட இமை, இடுப்பில் ஒரு கை. ஒன்றை மாதாவாக்கிவிட்டு, மற்ற நான்குக்கும் மில் பஞ்சில் தாடி செய்து மைதாப் பசையால் ஒட்டினாள் மனைவி. பட்டுச் சால்வையும் தலைப்பாகையும் ஏறியதும் சூசையப்பரும் மூன்று ராஜாக்களும் கம்பீரமாகத்தான் நின்றார்கள்.

முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஆடு எங்கீங்க?”

“அட்டையில வெட்டி வெச்சிடலாம்.”

“அட்டையா? நம்ம தோட்டத்துல உசுரோட கெடக்குதுங்களே!”

மறுநாளே லாரியில் ஒரு வெள்ளாடு வந்து இறங்கியது. குடில் கம்பத்தில் கட்டினோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புக் குடும்பங்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று வாசல் நிரம்பிவிட்டது. முதலாளி பங்குச் சாமியாரையே அழைத்து, பன்னீர் தெளித்து முன்னால் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கு மைதாவின் வாசனை எட்டியிருக்க வேண்டும். முன்னங்கால்களைத் தூக்கி நடு ராஜாவின் மார்பில் வைத்து, தாடியைக் கவ்வி ஒரே இழுப்பு. முழுத் தாடியும் ஆட்டின் வாயில்.

சிவந்த உதடுகள் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தன.

“அய்யோ, ராசா பொம்பளைங்கோ!” என்று ஒரு அம்மாள் கத்தினார்.

எனக்கு அப்படியே மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சாமியார் மெல்ல, என் அருகில் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“ஆமா சாமி. பிள்ளை பெத்த வீட்டுக்கு ஆம்பளைங்களையே அனுப்பினா என்ன பிரயோசனம்? கஷாயம் வெச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேணாமா?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முதலாளி அதைப் பார்த்ததும் முன்னால் வந்து, “நம்ம யோசனைதானுங்க” என்றார்.

அந்த ராணிக்கு மறுபடி தாடி ஒட்டக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ராசிபுரம் பஸ்ஸில் வந்த பெண்கள் அவளுக்குப் பொட்டு வைத்து, தலைப்பாகையில் கனகாம்பரம் செருகிவிட்டுப் போனார்கள். ஆட்டையும் அனுப்ப முதலாளி சம்மதிக்கவில்லை. கூட்டமே அதைப் பார்க்கத்தான் வருகிறது என்பது அவர் கட்சி. ஆகவே புத்தாண்டு வரைக்கும் கணக்கு வழக்கையெல்லாம் விட்டுவிட்டு, கையில் ஒரு குச்சியோடு நான் சூசையப்பர் தாடிக்குக் காவல் நின்றேன்.