மாவுச்சத்து, கொழுப்பு, என் தங்கை

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கும் கோச்சிங் கிளாஸில் பதினோரு வருஷமாக பயாலஜி எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் உயிரினங்களுக்குக் கார்போஹைட்ரேட்டும் கொழுப்பும் எதற்கு என்று ஒரு பகுதி வரும். அதைப் புத்தகம் திறக்காமலே எடுப்பேன். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் எடுப்பேன். இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது. மாவுச்சத்து உடனே எரிகிற சரக்கு. சோறு, சப்பாத்தி, வடாபாவ், எதைத் தின்றாலும் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஓடும். மிஞ்சியதில் கொஞ்சத்தை ஈரல் கைவசம் வைத்துக்கொள்ளும், அது ஒரு நாள் தாங்கினால் பெரிய விஷயம். கொழுப்பு அப்படியில்லை. அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, எத்தனை நாள் வேண்டுமானாலும் உடம்பில் கிடக்கும். குளிர் தாங்க, உறுப்புகளுக்கு மெத்தை போட, செல்லைச் சுற்றிச் சவ்வு கட்ட, சில ஹார்மோன்களைச் செய்ய, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். "கொழுப்புன்னாலே கெட்டதுன்னு நினைக்கிற அறிவாளிகள் எல்லாம் கையைத் தூக்குங்க" என்பேன். பாதி வகுப்பு தூக்கும். அவர்களைத் திட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்சுலினுக்கு வரும்போது தாதர் ஸ்டேஷனைக் கொண்டுவருவேன். பிளாட்பாரம் நிறையக் கூட்டம், ஏசி லோக்கலும் வந்து நிற்கிறது, ஆனால் ஒரு பெட்டியிலும் கதவு திறக்கவில்லை. கூட்டம்தான் சர்க்கரை, பெட்டிதான் செல், கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். பெட்டி காலியாகக் கிடப்பதால் உடம்பு பட்டினி என்று நினைத்துக்கொண்டு கொழுப்பை உருக்கி எரிக்க ஆரம்பிக்கும். அளவு மீறி எரித்தால் கீட்டோன் சேரும், ரத்தத்தில் அமிலம் ஏறும், மூச்சில் பழவாசனை அடிக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்கு எப்போதும் பின் பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் தங்கைக்குப் பதிமூன்று வயதில் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு வருகிற, மாத்திரையும் நடையுமாகச் சமாளிக்கிற வகை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. தினம் நாலு ஊசி. சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்றாக மூன்று, ராத்திரி படுக்கும்போது நாள் முழுக்க நின்று வேலை செய்கிற இன்னொன்று. தாராவியில் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஊசி மருந்துதான் இருக்கும். அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அதைக் கேள்விப்பட்டதும் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் வந்த வழியே போய்விட்டன.

மூன்றாவதாக வந்தது தேவ்நாரில் இருக்கிற குடும்பம். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளை ஏசி மெக்கானிக், குணமானவர். இந்த முறை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அம்மா இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வது நான்தான். "கண்ணாடி போடுதவ எல்லாரும் கல்யாணத்துக்கு முன்னாடி பவரைச் சொல்லிட்டா இருக்கா? இதும் அப்படித்தான். ஒழுங்கா ஊசி போட்டா அவளும் மத்தவளும் ஒண்ணு. முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்றேன். டீச்சர் சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லும் நாள் வரவே இல்லை. புகுந்த வீடு ஒரே அறை, மேலே ஏணி வைத்து ஒரு பரண். குளிக்கிற மூலையை இங்கே மோரி என்போம். அந்த மோரியின் திரைக்குப் பின்னால் நின்றுதான் அவள் ஊசி போட்டுக்கொண்டாள். ஊசிப் பேனாக்களை மாதவிடாய்த் துணிப் பைக்குள் ஒளித்து வைத்தாள், அந்தப் பையை அந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். தீர்ந்ததும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. நாங்கள் கெட்டிக்காரிகள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய மாமியார் நல்ல மனுஷி. கெட்டவளாக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேரப்பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. தீபாவளி முடிந்து சஷ்டி வந்தபோது, ஆறு நாளும் விரதம் இருந்தால் முருகன் வயிற்றில் ஒரு உயிரைக் கொடுப்பான் என்று மருமகளையும் தன்னோடு உட்காரவைத்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளைக்காக இருக்கிற விரதம் அது. காலையில் பால், சாயங்காலம் பழம், வேறு எதுவும் தொடக் கூடாது.

முதல் நாள் காலையில் தங்கை எனக்கு ஃபோன் பண்ணினாள். இரண்டு பேட்சுக்கு நடுவில் எனக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு கையில் டீ.

"அக்கா, பாலும் பழமும் மட்டுந்தான் ஆறு நாளைக்கு. ஊசியை என்ன செய்ய?"

"சோறே உள்ள போகலைன்னா ஊசி எதுக்குட்டி? சும்மாப் போட்டுட்டு சுகர் இறங்கி மயங்கி விழவா? அங்க எல்லார் முன்னாடியும் மானம் போயிரும்."

"ராத்திரி ஊசியுமா?"

"எல்லாந்தான். ஆறு நாள்தான? ஒண்ணும் ஆவாது. கிளாஸுக்கு டைம் ஆச்சு, வையி."

ராத்திரி ஊசியுமா என்று கேட்டாளே, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சாப்பாட்டு ஊசியைக் குறைப்பது வேறு, ராத்திரி ஊசியை நிறுத்துவது வேறு. வாயில் ஒரு பருக்கை போடாவிட்டாலும் ஈரல் தானாகச் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும், கொழுப்பு உருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அடக்கி வைத்திருப்பது அந்த ராத்திரி ஊசிதான். இதை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். பரீட்சையில் ஒரு பிள்ளை நான் சொன்ன பதிலை எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன். 'டாக்டரிடம் கேள்' என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாத வாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமியார் எங்கள் அம்மாவுக்கு ஃபோன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டு அம்மா எனக்கும் கேட்க வைத்தாள்.

"மதினி, விரதம் முடியுமுன்னயே முருகன் கண்ணைத் தொறந்துட்டான். உங்க மவ காலைலேருந்து வாந்தியா எடுக்கா. தலை தூக்க முடியல. நாள் வேற தள்ளிப் போயிருக்குன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அம்மா அழுதுவிட்டாள். உடனே கிளம்பு, பூ வாங்கிக்கொண்டு போ என்று என்னை விரட்டினாள். நான் மாதுங்கா மார்க்கெட்டில் இறங்கி நாலு முழம் மல்லிகையும் ஒரு டப்பா பேடாவும் வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். வாந்தி என்றதும் பயாலஜி டீச்சருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உள்ளே நுழையும்போதே பழவாசனை அடித்தது. சுவாமி படத்துக்கு முன்னால் தட்டில் வாழைப்பழமும் சப்போட்டாவும் இருந்தன, அதுதான் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து மசக்கைக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை சுவரோரம் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. மாடிப்படி ஏறி வந்தவளைப் போல ஆழமாக, வேகமாக மூச்சு விட்டாள். பூ வைக்கக் குனிந்தேன். அந்த வாசனை அவள் வாயிலிருந்து வந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, ஆனால் அந்தக் கத்தலில் எட்டு மாத ரகசியமும் வெளியே வந்துவிட்டது. மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "புள்ளத்தாச்சிக்கு எதுக்கு ஊசி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாப்பிள்ளை மட்டும் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டே அந்தச் சின்ன வயது டாக்டர் ஹிந்தியில் கேட்டார், "இன்சுலின் கிஸ்னே பந்த் கரவாயா?" யார் நிறுத்தச் சொன்னது என்று. எனக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் மாமியார். தங்கை நினைவில்லாமல் கிடந்தாள். "மாலூம் நஹி" என்றேன், தெரியாது என்று. "அவளே நிறுத்தியிருப்பாள்." அவர் தலையை ஆட்டிவிட்டு அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கர்ப்பமும் இல்லை என்று சோதித்துச் சொன்னார்.

அந்தப் பொய்க்கு நான் இன்றுவரை ஒரு காரணம் தேடுகிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது வெட்கம். டீச்சரும் முட்டாள்தனமாக ஒரு பதில் சொல்வாள் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்கிற வெட்கம். இப்போது இதைத் தமிழில் எழுதுவதும் அதே வெட்கம் செய்கிற தந்திரம்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தங்கை ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழில் கடைப் பெயரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

அவள் பிழைத்தாள். ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், எங்கள் வீட்டுக்கு. அடுத்த வாரம் மாப்பிள்ளையும் மாமியாரும் தாராவிக்கு வந்தார்கள். சண்டை போட வருகிறார்கள் என்று நாங்கள் மூன்று பேரும் தயாராக இருந்தோம். மாமியார் சண்டை போடவில்லை.

"நோயை மறைச்சது தப்புதான். ஆனா எங்க வீட்லயும் ஒரு பொட்டப்புள்ள இருந்து அதுக்கு ஒரு குறை இருந்தா, நானும் மறைச்சிருப்பேன். அதை விடுங்க மதினி" என்றாள். பிறகு டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். "இதுல எழுதிருக்கே, அதுக்குத்தான் பதில் வேணும். தானாவே ஊசியை நிறுத்துனான்னு இருக்காம். என் மவன் வாசிச்சுச் சொன்னான். நிறுத்துனா உசிரு போயிரும்னு சின்ன வயசுலேருந்து தெரிஞ்ச புள்ள. அப்போ சாகத் துணிஞ்சுதான நிறுத்திருக்கா? எங்க வீட்ல அவளுக்கு அப்படி என்ன கொடுமை நடந்துச்சு? நாளைக்கு மறுபடியும் செஞ்சான்னா போலீஸ் எங்க வாசல்ல வந்து நிக்கும்."

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். அழுத கண். "நான் உன்ன ஒரு சொல்லு சொல்லிருக்கேனா? உண்மையச் சொல்லு. யாராவது சொல்லித்தான் நிறுத்துனியா? அப்படி இருந்தா சொல்லு, இப்பவே கிளம்புவோம்."

அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் கேட்க முடியாது. ஒரு வரி போதும், அவள் அவரோடு போயிருப்பாள். தங்கை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அம்மா கொண்டுவந்த தண்ணீர் டம்ளர்களைத் தட்டில் நேராக அடுக்கினேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான்" என்றாள்.

அவர்கள் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போன அம்மா திரும்பி வந்து தங்கையின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வீட்டுக்குள்ளயே படிச்சவ ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னட்டி?" என்று கத்திவிட்டு, அழுதுகொண்டே பால் வாங்கக் கீழே இறங்கிப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். தங்கை ஃப்ரிட்ஜைத் திறந்து பேனாவை எடுத்தாள். இனி ஒளிய வேண்டியதில்லை, ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றில் குத்தினாள். மருந்து முழுக்க இறங்கப் பத்து வரை எண்ண வேண்டும். உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு ஏட்டி சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் எண்ணி முடித்து, ஊசியை எடுத்து, மூடியைப் போட்டாள்.

"நீ சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அக்கா."