மாட்டுவதற்கு முன் ஒரு பாட்டு

எனக்குக் கல்யாணமான புதிது. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பண்ணையாருக்கு என் வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரில் மாட்ட வாங்கிய கேசட் செட்டை நேராக அங்கே கொண்டுபோகாமல், ஒரு பழைய பேட்டரியோடு எங்கள் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காலியாக இருந்த தண்ணீர்ப் பானையின் வாயில் ஸ்பீக்கரை உட்காரவைத்து, ஒயரை இணைத்து, கேசட்டை உள்ளே தள்ளினார். பானையே பாடியது!

நான் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "மொதலாளி பாத்தா இன்னாயா சொல்லுவே?"

"மாட்றதுக்கு மின்னாடி செக் பண்ணணும்மே. நீ குந்து."

இரண்டாவது பாட்டு ஓடும்போது வாசலில் செருப்புச் சத்தம். முதலாளிதான், பொல்லாத கோபக்காரர். இவர் எழுந்து கைகட்டி நின்றார். அவர் பானையைப் பார்த்தார். அரிசி களைந்த ஈரக்கையோடு நின்ற என்னையும் பார்த்தார்.

"இன்னாப்பா, செக் பண்ணிட்டியா?"

"கேசட்டு ஒரு பக்கந்தாங்க ஓடிக்கினு கீது."

"அப்ப அந்தப் பக்கத்தையும் ஓட்டிப் பாரு. காலையில கொணாந்து மாட்டு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்தக் கார் எத்தனையோ கல்யாணங்களுக்குப் பாடிக்கொண்டே போனது. நான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த செட்டு முதன்முதலில் பாடியது எனக்குத்தான், என் பானையில்.