அத்தையின் சாமான்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே யோசிப்பேன். பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனாக இருக்கிறேன். வார்டன் என்பது பெரிய பேர்தான். தண்ணீர் மோட்டார் போடுவதும், சாவிக்கொத்தைக் காப்பதும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பதும்தான் வேலை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

படிப்பு முடிந்து பிள்ளைகள் ரூமைக் காலி செய்யும் நாட்களில் எங்கள் ஹாஸ்டல் வராந்தா சந்தை மாதிரி ஆகிவிடும். வாளி, மெத்தை, கண்ணாடி, கெட்டில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஒரு பையோடு கிளம்பிவிடுவார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு பெண் சாவியை என் கையில் கொடுக்கும்போது சொன்னாள். "லைஃபை சிம்பிளாக்கிட்டேன் ஆன்ட்டி. சாமான் மட்டும் இல்ல, நம்ம எனர்ஜியை உறிஞ்சுற ஆளுங்களையும் விட்டுடணும். மூணு பேரை பிளாக் பண்ணிட்டேன்." சொல்லிக்கொண்டே போனைப் பையில் போட்டாள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதே காரியத்துக்கு என் அம்மாவுக்கு ஒரு முழுச் சனிக்கிழமையும் இரண்டு மீன்பாடி வண்டிகளும் தேவைப்பட்டன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் நானும் அம்மாவும் அப்பாவும் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் கொஞ்சம் வெற்றிடம். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, குரோம்பேட்டையில் சொந்த வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். மாமா பெரிய கம்பெனியில் அதிகாரி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் தாயை இழந்த அப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தது அத்தைதான். அதனால் அத்தை சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அத்தைக்குப் புதுச் சாமான் வாங்குவதில் பிரியம். பழையதைத் தூக்கிப் போடவும் மனம் வராது. ஆகவே அவள் வீட்டுக்குப் புதுசு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பழசு வந்து சேரும். முதலில் பீரோ வந்தது. முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் அதன் கதவு மூடும். பிறகு பொம்மைகளோடு ஒரு ஷோகேஸ். பிறகு நாற்காலிகளோடு ஒரு சாப்பாட்டு மேஜை. அதில் நாங்கள் சாப்பிட்டதில்லை, சூடான பாத்திரம் வைத்தால் பாலிஷ் போய்விடும் என்று அத்தை சொல்லியிருந்தாள். கடைசியாக ஒரு ஃபிரிட்ஜ். அது குளிராது. அம்மா அதில் அரிசியும் பருப்பும் கொட்டி வைத்திருந்தாள். எலி புகாமல் இருந்ததே, அதுவரை லாபம். நாங்கள் வீட்டுக்குள் பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தோம். என் வீட்டுப்பாடம் எல்லாம் மேஜைக்கு அடியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அத்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். வந்ததும் உட்கார மாட்டாள். ஷோகேஸின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து விரலைப் பார்ப்பாள். என் டேபிளில் யார் கறை பண்ணியது, என் பீரோவை ஏன் ஈரச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். சாமானை விசாரித்து முடித்த பிறகு எங்களை விசாரிப்பாள். குழம்பில் உப்பு, அப்பாவுக்குக் கிடைக்காத பிரமோஷன், என் மார்க்கு, அம்மா பிறந்த வீட்டுப் பழக்கங்கள். எதையும் கத்திச் சொல்ல மாட்டாள். மெதுவாக, அக்கறையாகச் சொல்லுவாள். அவள் போன பிறகு அம்மா நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு சமையலறைச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். விருந்தாளி வந்துபோனால் எல்லா அம்மாக்களுக்கும் தலை வலிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது ஜன்னலோரத்துத் தையல் மிஷின் மட்டும்தான். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் மிஷினை மிதிக்கும்போதுதான் அவள் ஏதாவது பாட்டு முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தை புதுக் கட்டில் வாங்கப்போவதாகச் சொன்னாள். பழைய தேக்குக் கட்டில் எங்களுக்கு வரும். மிஷினை எடுத்துவிட்டு ஜன்னலோரத்தில் கட்டிலைப் போடலாம், மிஷின் குளியலறைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கிடக்கட்டும் என்று இடத்தையும் அவளே குறித்துவிட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். அத்தை போன பிறகு, "அக்கா பாசத்துல தர்றாங்க. வேணாம்னு எந்த வாயால சொல்றது?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டார். பக்கத்து வீட்டு அண்ணன்களைக் கூப்பிட்டு எல்லாச் சாமானையும் பின்பக்கத்துக்குத் தூக்கி வைத்துத் தார்ப்பாயால் மூடினோம். அப்பாவே சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார். மாலையில் உள்ளே போக வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

நாலு சுவரும் வெள்ளை. நடுவில் ஒன்றுமே இல்லை. தரையில் சிவப்புச் சிமெண்டில் ஒரு பூ வரைந்திருந்தது. அப்படி ஒரு பூ எங்கள் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாது. மேஜை அதன் மேல்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறது. நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடினேன். எங்கள் வீட்டில் ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா வந்து பூவின் மேல் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். கை எதிலும் இடிக்கவில்லை. சர்ச்சில் ஜெபத்துக்கு எழுந்து நிற்கிறவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

மறுநாள் சனிக்கிழமை. சுவர் காய்ந்ததும் ஆட்களைக் கூப்பிட்டுச் சாமானை உள்ளே வைத்துவிடு என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார். அம்மா சரி என்றாள். அவர் தலை மறைந்ததும் தார்ப்பாயை விலக்கினாள். தன் தையல் மிஷினை மட்டும் உள்ளே இழுத்து ஜன்னலோரத்தில் வைத்தாள். ஃபிரிட்ஜிலிருந்த அரிசியைத் தகர டின்னில் கொட்டினாள். ஈரத்துணியாலும் எண்ணெய்த் துணியாலும் ஒவ்வொரு சாமானையும் துடைத்தாள். பொம்மைகளின் முகத்தைக்கூடத் துடைத்தாள். பிறகு சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனவள் இரண்டு மீன்பாடி வண்டிகளோடு திரும்பி வந்தாள். மூன்று சக்கரத்தில் பலகை அடித்து, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய வண்டிகள் அவை. சாமானைப் பார்த்ததும் வண்டிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, வூடே காலியா? எந்தப் பக்கம் குடி போற?"

"நாங்க எங்கயும் போகலண்ணா. சாமான்தான் போகுது, அவங்க வீட்டுக்கு."

அவர் இன்னொரு வண்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா மச்சான், ஆளுங்க இங்கியே கீறாங்களாம். சாமான்தான் குடி போவுதாம்."

பீரோவும் ஃபிரிட்ஜும் ஷோகேஸும் முதல் வண்டியில் போயின. மேஜையும் நாற்காலிகளும் இரண்டாவது வண்டியில். எங்களுக்கு உட்கார இடமில்லை. அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஒரு நாற்காலியை மேஜையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டச் சொல்லி, ஏறி அதில் உட்கார்ந்தாள். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலிகள் வந்த நாளிலிருந்து அம்மா அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது. எஞ்சின் படபடவென்று ஊரைக் கூட்டியது. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சானடோரியம் பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டே பார்த்தாள். சர்ச்சில் பெயர் சொல்லி அழைத்தால்கூடத் தலை நிமிராத என் அம்மா, முதுகை நேராக வைத்துக்கொண்டு, நெற்றியில் பறக்கும் முடியை ஒதுக்காமல், எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டகத்தின் மேல் வருகிற ராஜாக்களைத்தான் அதற்கு முன் அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காணிக்கை கொண்டு போனார்கள். நாங்கள் திருப்பிக் கொடுக்கப் போனோம். மற்றபடி எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்தாள். அவள் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே ஹால் முழுக்கச் சோபாக்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மாமா பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போனார்.

"என்ன இது? வீடு மாத்துறீங்களா?"

"இல்ல அண்ணி. வெள்ளையடிச்சோம். உங்க சாமானையெல்லாம் துடைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"என் சாமானா? உங்களுக்குன்னு கொடுத்ததுதானே எல்லாம்."

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. குரல் மட்டும் எப்போதும் போலத் தணிந்தே இருந்தது. "கொடுத்த மாதிரி எனக்கு ஒரு நாளும் தெரியலண்ணி. வாரா வாரம் என் டேபிள், என் பீரோன்னு நீங்க பாத்துட்டுப் போவீங்க. யாரோ விட்டுட்டுப் போன சாமானுக்கு நான் காவல் இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. எனக்குக் காவல் இருக்க முடியல."

எதிர்வீட்டு வாசலில் யாரோ வந்து நின்றார்கள். அத்தை தாழ்ந்த குரலில் கேட்டாள். "தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாயங்காலம் வந்ததும் நானே சொல்லுவேன்."

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அப்பாவைக் கேட்காமல் அம்மா ஒரு காரியம் செய்யலாம், அதை இப்படி வெளிச்சத்தில் நின்று சொல்லவும் செய்யலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வானத்தில் ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

இறக்கி வைக்க அத்தை வீட்டில் இடமில்லை. வண்டிக்காரர்கள் கேட்டுக்குள்ளேயே, மாமாவின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். அத்தை ஷோகேஸின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிலும் வேணாம் அண்ணி," என்றாள் அம்மா. "நாளைக்கு எப்பவும் போல சாப்பிட வாங்க. வெறுங்கையோட வாங்க."

அத்தை உள்ளே போனாள்.

வண்டிகளை அனுப்பிவிட்டு நாங்கள் மின்சார ரயிலில் திரும்பினோம். கையில் ஒரு பைகூட இல்லை. ரயிலில் உட்கார்ந்ததும் அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பசிதான் காரணம் என்று நினைத்து, தாம்பரத்தில் இறங்கியதும் பன் சாப்பிடலாம் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். அம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய்விட்டார்கள் என்றாள் அம்மா. அவர் உள்ளே வந்து வெறும் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையையும் காலையும் நீட்டி மல்லாந்து படுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டில் முழுசாக நீட்டிப் படுத்ததில்லை. ஜன்னல் வழியாக நன்றாகக் காற்று வருகிறது என்றார். அழுகிறவர் பேசுகிற மாதிரி இருந்தது அவர் குரல். சுண்ணாம்பு நெடியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

படுக்கும்முன் ஜெபத்தில், இனி அத்தை வராமல் இருக்கப்போவதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அம்மா அவளை ஜெயித்து விரட்டிவிட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன். அம்மாவை அப்படி ஒரு வீரமான ஆளாகவே வெகுகாலம் மனதில் வைத்திருந்தேன். வெறுங்கையோடு வாருங்கள் என்று அவள் சொன்னது ஒரு நாகரிகப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து அம்மா அத்தையையும் சேர்த்து நாலு பேருக்குச் சமைத்தாள். அப்பா இரண்டு தரம் கேட் வரைக்கும் போய்விட்டு வந்தார். மழை வருகிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். அத்தை வரவில்லை. நேரம் ஆகிவிடவே நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தைக்கு எடுத்து வைத்திருந்த சோற்றில் அம்மா தண்ணீர் ஊற்றி வைத்தாள்.