சிவப்பு விளக்கு அணையும் முன்

எனக்கு ஞாபகப் பிசகு உண்டு. கிழமையை மாற்றிச் சொல்வேன். இதிலும் ஒன்றிரண்டு தவறியிருக்கலாம். ஆனால் நடந்தது நிஜம்.

1988, மே மாதம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது. பயிற்சிக்கு இருந்தவர்கள் நானும் குரும்பலூர் கமலவேணியும்தான். நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். ஆனாலும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"அடியே சிந்தாமணி, சிவப்பு லைட்டு எரியுறப்ப பிளாப்பித் தட்ட உருவிடாத. அதுல இருக்குற டாஸ் கெட்டுச்சுன்னா மெசினு எந்திரிக்காது. உன்னையும் அனுப்பிடுவாங்க, என்னையும் அனுப்பிடுவாங்க."

தினமும் ஒரு மணிக்கு கரண்ட் போகும். அந்த அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது. அவள் ஒருநாளும் செய்ததில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் காலையில் வரவில்லை. 12.51க்கு வந்தாள். செருப்போடு. ஆனால் நடையில் சத்தமே இல்லை...

"ஏண்டி, பஸ்ஸு கெடைக்கலையா?"

நேரே மெசின் பக்கம் வந்தாள். அந்த வெயிலில் வந்தவள் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

12.54. கர்ர்... கர்ர்... மெசின் பிளாப்பியில் எழுதிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் கை நீண்டது.

"வேணாம்டி! லைட்டு எரியுது!"

சிரித்தாள்.

உருவினாள்.

டக்.

அதிகாரி ராசாங்கம் சார் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார். மெசினை அணைத்துப் போட்டார். மறுபடியும் போட்டார். எழவில்லை.

"யாரும்மா பண்ணது?"

"சிந்தாமணிதாங்க சார்."

கமலவேணி குரலில் நடுக்கமே இல்லை. நான் வாயைத் திறக்கும் முன் சார் வாசலைக் காட்டினார்.

"வூட்டுக்குப் போம்மா. நாளையிலேருந்து வர வேணாம்."

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். ஆலையிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். ஒரு வருஷம் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கோடையில், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ராசாங்கம் சாரைப் பார்த்தேன்.

"வேலை கமலவேணிக்குத்தானே சார் கெடைச்சுது?"

அவர் பையைக் கீழே வைத்தார்.

"லெட்டர் போட்டேனேம்மா... அன்னிக்குக் காலையில ஏழே முக்காலுக்கு அவ வந்த பஸ்ஸு மேல லாரி மோதிருச்சு. அங்கேயே உசுரு போயிடுச்சு. எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரியும்."

"அப்ப..."

"நானும் பாத்தேன்ம்மா. என் எதுக்கதான் நின்னு சொன்னா."

அவ்வளவுதான் பேசினோம்.

அவர் அந்த வருஷமே வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்த மெசின் அதன்பின் எழவே இல்லையாம். பழைய சாமான்களோடு தள்ளிவிட்டார்கள். அந்த வேலைக்கு யாரையும் எடுக்கவில்லை. நான் ஜெயங்கொண்டத்தில் டைப் சொல்லிக்கொடுக்கிறேன். கமலவேணியை விபத்துக்கு மறுநாளே குரும்பலூரில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை.