மாஸ்டர், சூப் ரெடி!

இரண்டாயிரத்து ஆறில் ஒரு கோடை நாள். கலிபோர்னியாவில் பிளசன்டனிலிருந்து லிவர்மோருக்கு, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். காலையில்தான் வேலை போயிருந்தது. நான் காய் வெட்டிய ஓட்டலில் ஒரு டிவி உண்டு. அதில் தினமும் ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடும். தலையில் சிவப்புத் துணி கட்டி, மரவாளோடு ஊர் ஊராகச் சண்டை போடும் ஒரு வீரன். கரண்டியோடு அவன் பின்னால் ஓடும் ஒரு குண்டுச் சமையல்காரன். நான் எட்டாவதோடு நின்றவன், ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் கதை புரிந்தது.

"வெங்காயம் வெட்டுறியா, பொம்மைப் படம் பாக்குறியா?" என்றார் முதலாளி. ரெண்டும்தான் என்றேன். வேலையும் போயிற்று, அவர் கொடுத்த அறையும் போயிற்று.

லிவர்மோர் கோயிலில் சாப்பாடு கிடைக்கும். புளியோதரையை வாயில் வைக்கும்போது ஓர் அம்மாவின் அலறல் கேட்டது. ஆறு வயது மகளைக் காணவில்லை. "பாப்பா! பாப்பா!" என்று அவர் கத்த, அங்கிருந்த சின்னப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் பாப்பாதானே! பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பக்கத்திலேயே கார்கள் பறக்கும் சாலை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

என்ன உடை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பட்டுப்பாவாடை அண்ணா. தலையில சிவப்பு ரிப்பன். ரெண்டு நாளா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா. 'ஐ ஆம் மாஸ்டர்'ங்கிறா."

எனக்குப் பொறி தட்டியது. அந்தக் கார்ட்டூன் வீரனும் எதிரிகள் தேடும்போது குகையில் பதுங்குவான். யார் கூப்பிட்டாலும் வாயே திறக்க மாட்டான், சமையல்காரன் வந்து 'மாஸ்டர், சூப் ரெடி!' என்று கூப்பிடும்வரை.

சாம்பார்க் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்க்கிங்கைச் சுற்றிச் சுற்றி, "மாஸ்டர், சூப் ரெடி!" என்று கத்தினேன்.

"யாருய்யா இந்த ஆளு, நேரங்கெட்ட நேரத்துல சூப்பு விக்கிறான்?" என்றார் ஒருவர்.

வேலிக்கு அப்பால், சாலைக்கு அடியில் போகும் காய்ந்த மழைநீர்க் குழாயிலிருந்து கோபமாக ஒரு குரல் வந்தது: "யூ ஆர் லேட்!"

அந்த வீரன் தினமும் சொல்லும் பதில் அதுதான். அப்பா வேலியைத் தாண்டிக் குதித்து அவளைத் தோளில் தூக்கி வந்தார். கோயில் வாசலே கைதட்டியது. பாப்பாவோ என்னை முறைத்து, "வேர் இஸ் மை சூப்?" என்றாள். கோயில் ரசத்தை டம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நாட் பேட், குக்" என்றாள். கரண்டியை உயர்த்தி அவளுக்கு ஒரு சலாம் வைத்தேன்.

"அண்ணா, நிஜமாவே சமைப்பீங்களா?" என்று கேட்டார் அவள் அம்மா. பிளசன்டனில் டிஃபன் கடை வைத்திருக்கிறார்களாம், சமையலுக்கு ஆள் வேண்டுமாம்.

காலையில் நடந்து வந்த வழியிலேயே அவர்கள் காரில் திரும்பினேன். எதைப் பார்த்ததற்காகச் சோறு போயிற்றோ அதுவே சோறு போட்டதால், வேடிக்கை பார்ப்பதை வீண் என்று நான் இன்றுவரை நினைத்ததில்லை. மறுநாள் காலை அந்தக் கடையில் சமையல்காரனாகச் சேர்ந்து முதலில் வைத்தது ரசம். பலகையில் சூப் என்றுதான் எழுதச் சொன்னேன்.