இருபத்திரண்டு அங்குலம்

தன்னாமுனைத் தையற்காரர் இக்னேசியஸ் இளையதம்பியின் வீட்டு முன்னறையில் ஒரு கல்யாணப் படம் தொங்குகிறது. மணமகள் புஸ்பம் நேராக நம்மைப் பார்க்கிறாள். மணமகனோ உருகி வழியும் அன்போடு ஒரு பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குற்றம் அவருடையது அல்ல. மூக்குக்கண்ணாடி மின்னும், கழற்றுங்கள் என்று படம் பிடித்தவர் சொன்னார். கழற்றினால் இளையதம்பிக்கு ஒரு சாணுக்கு அப்பால் உலகம் கிடையாது. பிறகு இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி, "மாப்பிள்ள, பொம்பிளையப் பாருங்க" என்றார். இடப்பக்கம் ஒரு வெள்ளை உருவம், வலப்பக்கம் ஒரு வெள்ளை உருவம். ஒன்று முக்காடு போட்ட புஸ்பம், மற்றது வெள்ளைப் பூச் செருகிய சாடி. இளையதம்பி ஒன்றைத் தெரிவு செய்தார்.

நாற்பத்தொரு வருடமாக வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தேத்தண்ணீரோடு இந்தக் கதையும் கிடைக்கும். கேட்டவர்கள் சிரிப்பார்கள், இளையதம்பியும் சிரிப்பார். ஆனால் அவருக்குள் ஒரு பயம் இருந்தது. விசுவசித்தவர்கள் ஒருநாள் கடவுளை முகமுகமாகக் காண்பார்கள் என்று சிறுவயதில் கோயிலில் படித்திருந்தார். மற்றவர்களுக்கு அது நம்பிக்கை. அவருக்கு அது இரண்டாவது கல்யாணப் படம். அங்கேயும் யாராவது கண்ணாடியைக் கழற்றச் சொன்னால்? ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நித்தியம் முழுவதும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

"என்னப் பெட்டியில வைக்கக்குள்ள கண்ணாடியக் கழட்டாதீங்க" என்று புஸ்பத்திடம் சொல்லிவைத்திருந்தார். மூடி போடுமுன் மோதிரத்தையும் கண்ணாடியையும் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பது ஊர் வழக்கம். அதை அவர் எத்தனையோ செத்தவீட்டில் பார்த்திருக்கிறார்.

"கழட்டமாட்டன், பயப்பிடாதீங்க" என்பாள் புஸ்பம். "சாடியையும் சேத்து வைக்கிறன்."

அறுபத்தேழாவது வயதில் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் இடது கண், மூன்று மாதம் கழித்து வலது கண் என்று நாள் குறித்தார் கண் டொக்டர். இளம் பெண். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே ஒரு வில்லை வைப்பார்களாம்.

"அதக் கழட்ட ஏலுமா?" என்றார் இளையதம்பி.

"ஏலாது ஐயா. சாகுமட்டும் உள்ளுக்குத்தான்."

"செத்தாப் பிறகு?"

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பவும் உள்ளுக்குத்தான்."

இளையதம்பிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடுத்த கேள்விவரை மட்டுமே இருந்தது.

"தூரத்துக்கு வைக்கிறதா, கிட்டத்துக்கு வைக்கிறதா? ஒண்டுதான் ஏலும். வைச்சா மாத்த ஏலாது. மற்றதுக்கு மேலால கண்ணாடி போடலாம்."

மேலால போடுகிற கண்ணாடியைத்தான் கழற்றிவிடுவார்களே. கடவுள் எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்று தெரியாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தார்.

கடவுளைக் காண்பது பற்றி அறிவாளிகள் நூற்றாண்டுக் கணக்காக எழுதியிருக்கிறார்கள். பல இடங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எத்தனை அங்குலம் என்று அவர்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அளவு தெரியாமல் துணி வெட்டாத ஒரு மனிதர் கேட்கவேண்டி வந்தது.

பங்குக் குரு பாதர் மதுரன் மேற்படிப்புப் படித்தவர். "அது கண்ணால பாக்கிற பார்வை இல்ல, ஐயா. கடவுள் நம்மட அறிவுக்கு ஒரு ஒளி தருவார்" என்றார்.

"அப்ப சரீரம் உயிர்க்கும் எண்டு ஞாயிறுக்கு ஞாயிறு சொல்றமே, பாதர்?"

"ஓம், உயிர்க்கும்."

"கண்ணும் சரீரந்தானே?"

"ஓம். ஆனா குறையில்லாத கண்ணா உயிர்க்கும்."

"அப்ப உள்ளுக்கு வைச்ச வில்லை?"

பாதர் மதுரன் யோசித்தார். "அது தேவைப்படாது."

"தேவைப்படாட்டி ஆர் எடுக்கிற? நல்ல கண்ணுக்கு மேல வில்லையும் இரிந்தா எல்லாம் மங்கலாத் தெரியுமே."

குருமடத்தில் ஏழு வருடம் படித்தவர், பதிலை எங்கோ வைத்து மறந்தவர்போல மேசை லாச்சியைத் திறந்து மூடினார். கடைசியில், "தூரம் எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது, ஐயா" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் வில்லை வாங்க உதவாது.

காத்தான்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சரீப் காக்கா முப்பது வருடமாக இளையதம்பியின் கண்ணை அறிந்தவர். கேள்வியைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"எங்கடயிலயும் இரிக்கி, அண்ணன். சொர்க்கத்துக்குப் போன ஆக்கள் அல்லாவ, எங்கட ரப்பக் காணுவாங்க. முழு நிலாவக் காணுறமாதிரி, நெருக்குப்படாமக் காணலாம்."

"நிலாவெண்டாத் தூரமெல்லோ, காக்கா?"

"தூரந்தான்."

"எங்களுக்கு முகமுகமா எண்டுதான் சொல்லித் தந்த."

"அப்ப ஒங்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி, எங்களுக்குத் தூரத்துக் கண்ணாடி" என்றார் சரீப் காக்கா. "அங்க எது வேணுமெண்டு ரப்புக்குத்தான் தெரியும். என்ட கடையில ரெண்டும் இரிக்கி."

முகமுகமாக. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் இளையதம்பி அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவை எடுத்தார். புஸ்பம் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேசைக்கு எதிரே இருத்தினார்.

"மீன் கரியுது!"

"ஒரு நிமிசம். என்னப் பாரு." தன் மூக்குத்தண்டிலிருந்து அவள் மூக்குத்தண்டுவரை நாடாவைப் பிடித்தார். "இருபத்திரண்டு. முகமுகமா எண்டா இதுதான்."

"விசர் புடிச்சிட்டா மனிசனுக்கு? மீன் கரியுது எண்டுறன்!"

டொக்டரிடம் இருபத்திரண்டு அங்குலம் என்றார். "இதுவரை எவரும் அங்குலத்தில சொல்லல்ல. தைக்கிறதுக்கா, ஐயா?" என்று கேட்டார் டொக்டர்.

"இல்ல. ஒரு ஆளப் பாக்க வேணும்."

இடது கண் நல்லபடியாக முடிந்தது. ஊசியில் நூல் தானாகப் போவதுபோலப் போனது. அதற்கு அப்பால் எல்லாம் பனி. பழைய கண்ணாடி இனிப் பொருந்தாது, வலது கண்ணும் முடிந்த பிறகுதான் புதுக் கண்ணாடி எழுதலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெறுங்கண்ணோடு அவர் திரிந்த அந்த மூன்று மாதத்துக்குள்தான் கோயில் திருவிழா வந்தது.

பின்னேரம் மாதா சொரூபத்தைப் பவனியாகக் கொண்டுவருவார்கள். புஸ்பம் கோயிலிலிருந்தே பவனியோடு வர, இளையதம்பி தெருமுனையில் தனியாகக் காத்து நின்றார். தூரத்தில் வெள்ளையாக, உயரமாக, சோடனையும் பாட்டுமாக ஒன்று வந்தது. இளையதம்பி தெருவில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்தார். பாட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றது. பாட்டு கொஞ்சம் வேறு பாட்டாக இருந்தது.

"ஐயா, விழுந்திட்டீங்களா?"

ஏறாவூர் முனாஸின் ஐஸ்கிறீம் ஓட்டோ அது. முனாஸ் இறங்கி ஓடிவந்து, குனிந்து, இரண்டு தோளையும் பிடித்தான். அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. வியர்த்த நெற்றி, சவரம் செய்யாத தாடை, பதறிய கண்கள். இளையதம்பி அவ்வளவு தெளிவாக ஒரு முகத்தைப் பார்த்து நெடுநாள்.

"இல்ல, தம்பி. மாதா எண்டு நினைச்சிட்டன்."

முனாஸ் தன் ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தான். "அது வெனிலா, ஐயா" என்றான்.

பவனி வந்துசேர்ந்தபோது இளையதம்பி கையில் கோனோடு நின்றார். செய்தி கோயில்வரை போய்த் திரும்பிவிட்டது. "சாடிக்குப் பிறகு இப்ப ஐஸ்கிறீமா?" என்றாள் புஸ்பம். அவள் சிரித்த சிரிப்பில் பாதர் மதுரனுக்கே செபம் தடுமாறியது.

"இப்ப விளங்குதா? மற்றக் கண்ணையெண்டாலும் தூரத்துக்கு வைங்க" என்றாள், சிரிப்பு அடங்கியதும்.

"வைச்சா ஒண்டு கிட்டத்துக்கு, ஒண்டு தூரத்துக்கு. எது எண்டு பாக்க ஒரு கண்ண மூட வேணும்."

"அப்ப கடவுளுக்குக் கண்ணடிக்கப் போறீங்க!"

அதற்கு மேல் அவரைச் சிரிக்க விடாமல் ஒன்று தடுத்தது. அவர் நெடுநாள் பயந்த பிழை நடந்தே விட்டது. நடுத்தெருவில், சாட்சிகளோடு, தவறான ஒன்றின் முன் முழந்தாளிட்டாயிற்று. ஆனால் அது ஓட்டிக்கொண்டு போய்விடவில்லை. நின்றது, இறங்கியது, கிட்ட வந்தது, முகம் காட்டியது. ஐஸ்கிறீம் விற்கிறவனே அவ்வளவு செய்வானென்றால்... அந்த வாக்கியத்தை இளையதம்பி முடிக்கவில்லை. அவர் தையற்காரர். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மறுபடி நாடாவை எடுத்தார். புஸ்பம் முறைக்கவில்லை. தெருவை நினைத்து இன்னும் சிரித்தபடி, தானாகவே முகத்தை நீட்டினாள்.

வலது கண்ணுக்கான நாளில் டொக்டர் கேட்டார், "இதத் தூரத்துக்கு வைப்பமா, ஐயா?"

"இல்ல. இதுவும் கிட்டத்துக்குத்தான். தூரத்தில நிக்கிற ஆள் வரட்டும்."

"அதே இருபத்திரண்டு?"

"இருபது."

டொக்டர் எழுதிய கையை நிறுத்தினார். "என்னத்துக்கு ரெண்டு அங்குலம் குறைஞ்ச?"

"முதல் அளக்கக்குள்ள அவ கோவத்தில இரிந்தவ" என்றார் இளையதம்பி.